ஏடும் திரையும்

நுழையும்முன்

படித்து மகிழ்ந்த புதினம் ஒன்று திரைப்படமாக வெளிவரும்போது, புத்தகத்தில் இருந்த சுவை படத்தில் இல்லை என்று வாசகர்கள் வருந்துவதுண்டு. சில வேளைகளில், படத்தைப் பார்த்த பிறகே புத்தகத்தைத் தேடிச் செல்வோரும் உண்டு. ஏடு சிறந்ததா, திரை சிறந்ததா என்னும் இவ்வினா திரைக்கலை தோன்றிய காலந்தொட்டே இருந்து வருகிறது. ஓவியர், எழுத்தாளர், இயக்குநர் என்னும் மூன்று நிலைகளிலும் நின்று இவ்வினாவை எதிர்கொண்டவர் சத்யஜித் ரே. அவருடைய வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

அச்சகத்து வீடு

சத்யஜித் ரே 1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி சிறுவர்களுக்காகக் கதைகள் எழுதியவர். அக்கதைகளுக்குத் தாமே ஓவியம் வரைந்தவர். படங்களை அச்சிடும் நுட்பத்தில் ஆய்வுகள் செய்தவர். அவர் 1913ஆம் ஆண்டு தொடங்கிய 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழ் வங்காளக் குழந்தைகளின் உள்ளங்கவர்ந்த இதழாக விளங்கியது. தந்தை சுகுமார் ராய், நகைச்சுவையும் கற்பனையும் கலந்த பாடல்களால் இன்றும் நினைக்கப்படுபவர்.

எழுத்தும் ஓவியமும் ஒரே வீட்டில் பிறந்து, அவ்வீட்டின் அச்சகத்திலேயே நூலாயின. மையின் மணத்தோடும் அச்சுப்பொறியின் ஓசையோடும் குழந்தையின் முதல் நினைவுகள் கலந்திருந்தன. ஆயினும் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. சத்யஜித்துக்கு இரண்டு வயது நிறைந்த சில மாதங்களில், 1923ஆம் ஆண்டு, தந்தை நோயுற்றுக் காலமானார். அதன்பின் சில ஆண்டுகளில் அச்சகமும் நொடித்தது, வீடு கைமாறியது. தாய் சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு உடன்பிறந்தார் இல்லத்தில் வாழலானார். கைவினைக் கலைகளைக் கற்பித்து ஈட்டிய வருவாயில் மகனை வளர்த்தார். பாட்டனாரையோ தந்தையையோ சத்யஜித் நேரில் அறிந்தவரல்லர். அவர்கள் எழுதிய நூல்களின் வழியாகவே அவர்களை அறிந்தார்.

கண்ணால் படித்தல்

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று பட்டம் பெற்ற சத்யஜித், தாயின் விருப்பத்திற்கு இணங்கி, 1940ஆம் ஆண்டு தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியம் பயிலச் சென்றார். நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி ஆகிய ஓவிய மேதைகள் அங்கு அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். மரம், நீர், மேகம் முதலியவற்றை உற்றுநோக்கும் பயிற்சியை அங்கே பெற்றார். படிப்பை முழுமையாக முடிக்காமலேயே கொல்கத்தா திரும்பி, 1943ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியில் சேர்ந்தார். மாத ஊதியம் 80 ரூபாய்.

அப்பணியோடு, சிக்னெட் என்னும் பதிப்பகத்திற்கு நூல் அட்டைகளையும் வரைந்து கொடுத்தார். ஒரு நூலுக்கு அட்டை வரைய வேண்டுமானால் அந்நூலை ஆழ்ந்து படிக்க வேண்டும்; முந்நூறு பக்கச் செய்தியின் உயிரை ஒரே பக்கத்தில் நிறுத்த வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்னும் தெளிவு இப்பணியில்தான் அவருக்கு வளர்ந்தது.

1944ஆம் ஆண்டளவில் அப்பதிப்பகம் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதி, 1929ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' என்னும் புதினத்தைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிடத் திட்டமிட்டிருந்தனர். அதற்குப் படங்கள் வரைய வேண்டும். வங்காளமே போற்றிய அப்புதினத்தை அதுவரை சத்யஜித் படித்திருக்கவில்லை. படித்தபின் அவரால் அதைவிட்டு விலக இயலவில்லை. நிஷ்சிந்திபுரம் என்னும் சிற்றூர், வறுமையில் வாடும் புரோகிதர் ஹரிஹரர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அப்பு, எவருக்கும் வேண்டாதவராகிவிட்ட முதியவள் இந்திர் தாக்ருன். அவர்களை அவர் கோட்டோவியங்களாகத் தீட்டினார். பின்னாளில் அவ்வோவியங்களுள் பல, திரையில் காட்சிகளாக மலர்ந்தன.

இரண்டு திரைக்கதைகள்

அந்நாள்களில் சத்யஜித்துக்கு ஒரு விந்தையான பழக்கம் இருந்தது. ஏதேனும் ஒரு கதை திரைப்படமாகப் போகிறது என்னும் அறிவிப்பு வெளிவந்தால், அக்கதையைப் படித்துத் தாமே ஒரு திரைக்கதை எழுதுவார். வழக்கமான படங்கள் அக்கதையை எவ்வாறு கையாளும் என்று எண்ணி மற்றொன்றையும் எழுதுவார். படம் வெளிவந்ததும் பார்த்து, தாம் எழுதியவற்றோடு ஒப்பிடுவார். ஏட்டிலிருந்து திரைக்குச் செல்லும் வழியை எவரும் கற்பிக்காத காலத்தில், இவ்வாறு தமக்குத் தாமே ஆசிரியரானார்.

தாகூரின் 'வீடும் உலகமும்' என்னும் புதினத்திற்கு அவர் எழுதிய திரைக்கதையைப் படமாக்க ஒரு தயாரிப்பாளர் முன்வந்தார். ஆனால் சில மாற்றங்களை வேண்டினார். சத்யஜித் ஓர் எழுத்தைக்கூட மாற்ற உடன்படவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. அப்போது மனம் உடைந்த அவர், பல ஆண்டுகள் கழித்து அதே திரைக்கதையை எடுத்துப் படித்தபோது, அது மேலோட்டமாகவும் அயல்நாட்டுப் படங்களின் சாயலோடும் இருப்பதைக் கண்டார். படம் எடுக்கப்படாமல் போனது நல்லதே என உணர்ந்தார். நல்ல நூலைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் நல்ல படம் அமைந்துவிடாது என்பதை இளமையிலேயே கற்றுத்தந்தது அந்நிகழ்ச்சி.

1947ஆம் ஆண்டு நண்பர்களோடு இணைந்து கொல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தம் படத்திற்கான இடங்களைத் தேடி வங்காளம் வந்தபோது, அவருடன் சென்று ஊர்களைக் காட்டினார். 1950ஆம் ஆண்டு விளம்பர நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கே தங்கிய சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்தார். அவற்றுள் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'மிதிவண்டித் திருடர்கள்' அவரை ஆட்கொண்டது. புகழ்பெற்ற நடிகர்கள் இல்லாமல், அரங்க அமைப்புகள் இல்லாமல், உண்மையான தெருக்களில் ஓர் ஏழையின் துயரைச் சொல்ல முடியும் என்பதை அப்படம் மெய்ப்பித்தது. தாயகம் திரும்பும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'யின் காட்சிகளைக் குறிக்கத் தொடங்கினார்.

நாணற்காடும் நகைப்பெட்டியும்

அதே ஆண்டு நவம்பரில் விபூதிபூஷண் காலமானார். தம் புதினம் படமாவதை அவர் காணவில்லை. அவருடைய துணைவியார், படம் எதனையும் இயக்கியிராத இளைஞரான சத்யஜித்தை நம்பி இசைவளித்தார். அந்நம்பிக்கையே அவருக்கு வாய்த்த முதல் முதலீடு.

முறையாக எழுதப்பட்ட திரைக்கதை அவரிடம் இல்லை. காட்சிகள் வரையப்பட்ட ஓர் ஓவியச் சுவடியும் குறிப்புகளும் மட்டுமே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் சென்றார். பாடலும் ஆடலும் இல்லாத கதைக்குப் பணம் போட எவரும் முன்வரவில்லை. எனவே, தம் ஆயுள் காப்பீட்டின்மீது கடன் பெற்றார். விடுமுறை நாள்களில் படப்பிடிப்பை நடத்தத் திட்டமிட்டார். இருபத்தொரு வயதான ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா அதற்குமுன் திரைப்பட ஒளிப்பதிவுக் கருவியைக் கையாண்டதில்லை. நடிகர்களுள் பலர் முதன்முறையாகக் கருவியின்முன் நின்றவர்கள்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், வெண்ணிறப் பூக்கள் பூத்த நாணற்காட்டில் படப்பிடிப்பு தொடங்கியது. அக்காவும் தம்பியும் தொடர்வண்டியைத் தேடி ஓடும் காட்சி அது. ஒருநாள் பணி முடிந்தது. அடுத்த வாரம் அவர்கள் அங்கே சென்றபோது, பூக்கள் இல்லை. மேய்ச்சலுக்கு வந்த மாடுகள் அவற்றை மேய்ந்துவிட்டிருந்தன. அக்காட்சியை முடிக்க, மறுமுறை நாணல் பூக்கும் பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது.

பணம் தீர்ந்தது. அரிதாகச் சேர்த்த நூல்களும் இசைத்தட்டுகளும் விலைபோயின. மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன. அதன்பின்னும் பணி பல மாதங்கள் நின்றது. இடைப்பட்ட காலத்தில் குழந்தை நடிகர்கள் வளர்ந்துவிடுவார்களோ, எண்பது வயதான சுனிபாலா தேவி மறைந்துவிடுவாரோ என்னும் அச்சம் அவரை வாட்டியது.

இறுதியில் மேற்கு வங்க முதலமைச்சர் விதான் சந்திர ராயின் முயற்சியால் அரசின் உதவி கிட்டியது. 'பாதையின் பாடல்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட அப்படத்திற்கான தொகை, சாலை மேம்பாட்டுச் செலவாகக் கணக்கில் எழுதப்பட்டது என்பது சுவையான செய்தி. உதவியோடு ஒரு யோசனையும் வந்தது. குடும்பம் ஊரைவிட்டு வெளியேறும் சோகமான முடிவை மாற்றி, ஊர் முன்னேறுவதாக அமைக்கலாகாதா என்பதே அது. பணமின்றி ஏங்கிய நிலையிலும் ரே அதற்கு இணங்கவில்லை. வங்காள வாசகர்கள் நெஞ்சில் பதிந்த புதினம் அது. அதன் முடிவை வசதிக்காக மாற்றும் உரிமை தமக்கில்லை என்று அவர் கருதினார்.

மாற்றமும் உண்மையும்

முடிவை மாற்ற மறுத்த அதே ரே, புதினத்தின் வேறு பல பகுதிகளைத் துணிந்து மாற்றினார் என்பது இங்கே எண்ணத்தக்கது. புதினத்தில் எண்ணற்ற மாந்தர்கள் உலவுகின்றனர். படத்தில் சிலரே எஞ்சினர். முதியவள் இந்திர் தாக்ருன் புதினத்தின் தொடக்கப் பகுதியிலேயே மறைகிறாள். படத்திலோ அவள் நெடுநேரம் வாழ்கிறாள். மூங்கில் தோப்பில் அமர்ந்த நிலையில் அவள் இறந்திருப்பதைக் குழந்தைகள் காண்கின்றனர். இறப்பு என்பதை அவர்கள் முதன்முதலாக அறியும் தருணமாக அது அமைந்தது. புதினத்தில் துர்கா தொடர்வண்டியைக் காணாமலேயே கண்மூடுகிறாள். படத்தில் அக்காவும் தம்பியும் நாணற்காட்டினூடே ஓடுகின்றனர். துர்கா இடறி விழ, அப்பு மட்டும் தண்டவாளத்தின் அருகே செல்கிறான். அவளுக்குக் கிட்டாத ஒன்று அவனுக்குக் கிட்டும் என்பதை அக்காட்சி சொற்களின்றி உணர்த்துகிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. அண்டை வீட்டுப் பொருளைத் துர்கா எடுத்துவிட்டாள் என்னும் பழி கதையில் வருகிறது. அவள் இறந்தபின், அப்பொருள் வீட்டில் மறைத்து வைக்கப்பட்டிருப்பதை அப்பு கண்டெடுக்கிறான். புதினத்தில் அது ஒரு பொற்சிமிழ். அப்பு அதை மூங்கில் புதருக்குள் வீசியெறிகிறான். அவன் மனத்தில் ஓடும் எண்ணத்தை ஆசிரியர் தம் சொற்களால் விளக்க முடிகிறது. திரையில் அவ்வாறு விளக்க ஆசிரியர் இல்லை. எனவே ரே பொற்சிமிழை மணிமாலையாக்கினார்; மூங்கில் புதரைக் குளமாக்கினார். அப்பு மாலையை வீசுகிறான். குளத்தை மூடியிருந்த பாசி விலகி வழிவிடுகிறது; பின் மெல்லக் கூடி அவ்விடத்தை மூடிக்கொள்கிறது. அக்காவின் குற்றம் எவர் கண்ணிலும் படாமல் என்றென்றைக்கும் மறைந்துவிட்டது என்பதைப் பாசியே சொல்லிவிடுகிறது. நிகழ்ச்சி மாறியது, அதன் உண்மை மாறவில்லை.

வெளியூர் சென்றிருந்த ஹரிஹரர், மகள் இறந்தது அறியாமல் அவளுக்காகப் புடவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் காட்சியில், தாயின் கதறல் ஒலியை ரே நீக்கிவிட்டார். அவ்விடத்தில் தார் ஷெனாய் என்னும் இசைக்கருவியின் உச்ச ஒலி எழுகிறது. இசையமைத்த ரவிசங்கர், ஓர் இரவு முழுவதும் நீண்ட ஒரே அமர்வில் பெரும்பாலான இசையை உருவாக்கினார். சொற்களால் ஆன புதினம் தொட்ட இடத்தை, சொல்லே இல்லாத இசை தொட்டது.

வரவேற்பும் வழக்கும்

1955ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் படம் கொல்கத்தாவில் வெளியானது. முதல் இரு வாரங்கள் அரங்குகள் நிறையவில்லை. பின்னர் மக்கள் திரண்டனர். 1956ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், சிறந்த மானுட ஆவணம் என்னும் சிறப்பைப் பெற்றது. சுனிபாலா தேவி அவ்வெற்றியைக் காணவில்லை. படம் வெளிவருமுன்பே காலமாகியிருந்தார். படத்தின் புகழால் புதினமும் வங்காளத்தின் எல்லை கடந்தது. தமிழில் அப்புதினத்தை 'நாகம்மாள்' ஆசிரியர் ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்தார்.

அப்புவின் கதையை 'அபராஜிதோ', 'அபூர் சன்சார்' என மேலும் இரு படங்களில் ரே தொடர்ந்தார். தாயின் இறப்புச் செய்தி கேட்ட கணத்தில், மகன் உள்ளத்தில் ஒருவகை விடுதலை உணர்வு மின்னி மறைவதாக விபூதிபூஷண் எழுதியிருந்தார். சொல்லத் தயங்கும் அந்த உண்மையே 'அபராஜிதோ'வை எடுக்க ரேயைத் தூண்டியது. ஆயினும் தாயைவிட்டு விலகிச் செல்லும் மகனைத் திரையில் கண்ட வங்காளப் பார்வையாளர்கள் அவனை ஏற்கத் தயங்கினர். தனிமையில் ஏட்டைப் படிக்கும்போது ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மையை, பலரோடு அமர்ந்து திரையில் காணும்போது மனம் மறுக்கிறது. உள்ளூரில் வெற்றி பெறாத அப்படம் 1957ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்றது.

தாகூரின் குறும்புதினம் ஒன்றைத் தழுவி 1964ஆம் ஆண்டு அவர் இயக்கிய 'சாருலதா', மூலத்திலிருந்து விலகியதாகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. தாகூரின் எழுத்தை மாற்றுவது என்பது வங்காளத்தில் சிறிய செயலன்று. ரே அவ்விமர்சனத்தைப் புறக்கணிக்கவில்லை. விரிவான கட்டுரை எழுதி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் காட்டினார். செல்வர் வீட்டு மருமகளின் தனிமையைத் தாகூர் சில தொடர்களில் சொல்லிச் செல்ல முடியும். ரே அதற்கு ஏழு நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார். சாரு சிறு தொலைநோக்கியைக் கையிலேந்தி, சன்னல்தோறும் சென்று தெருவில் போவோரை வேடிக்கை பார்க்கிறாள். உரையாடல் ஏறக்குறைய இல்லை. அவளைக் கவனிக்காமல் கடந்துசெல்லும் கணவனையும் அதே தொலைநோக்கியால் பார்க்கிறாள். அருகிலிருப்பவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்பது பார்ப்பவர்க்குப் புரிந்துவிடுகிறது.

தம் நூலைத் தாமே மாற்றியவர்

பிறர் நூல்களை மாற்றியவர் தம் நூலைக் காப்பாற்றிக்கொண்டாரா என்னும் வினா எழலாம். பாட்டனாரின் 'சந்தேஷ்' இதழை 1961ஆம் ஆண்டு நண்பரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கிய ரே, அதற்காகவே சிறுவர் கதைகள் எழுதலானார். 1965ஆம் ஆண்டு ஃபெலுதா என்னும் துப்பறிவாளர் பிறந்தார். 1971ஆம் ஆண்டு எழுதிய 'சோனார் கேல்லா' என்னும் ஃபெலுதா கதையை 1974ஆம் ஆண்டு ரே தாமே படமாக்கினார். நூலில் குற்றவாளி யார் என்பது இறுதிவரை மறைக்கப்பட்டிருந்தது. படத்தில் அதை முன்னரே வெளிப்படுத்திவிட்டார். பெரும்பாலான பார்வையாளர்கள் நூலைப் படித்திருப்பார்கள். தெரிந்த மறைபொருளை மறைப்பதில் பயனில்லை. ஆபத்தை அறிந்த பார்வையாளர், அறியாத சிறுவனுக்காக அஞ்சும் வகையில் கதையை அமைத்தார். பிறர் எழுத்துக்குப் பின்பற்றிய அதே அளவுகோலைத் தம் எழுத்துக்கும் அவர் பின்பற்றினார்.

அப்படத்தில் லால்மோகன் கங்குலி என்னும் எழுத்தாளராகச் சந்தோஷ் தத்தா நடித்தார். அதன்பின் ரே எழுதிய கதைகளுக்கு வரைந்த ஓவியங்களில், லால்மோகனின் முகம் சந்தோஷ் தத்தாவின் முகமாகவே மாறிவிட்டது. ஏட்டிலிருந்து திரைக்குச் சென்ற மாந்தர், திரையிலிருந்து புதிய முகத்தோடு ஏட்டுக்குத் திரும்பினார். 1988ஆம் ஆண்டு அந்நடிகர் மறைந்தபின், ஃபெலுதா படங்களை எடுப்பதை ரே நிறுத்திக்கொண்டார். கதைகள் எழுதுவதை மட்டும் தொடர்ந்தார்.

இளமையில் கைவிடப்பட்ட 'வீடும் உலகமும்', ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1984ஆம் ஆண்டு அவர் இயக்கத்தில் வெளிவந்தது. அப்பணியின்போது அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது; எஞ்சிய பணிகளில் மகன் சந்தீப் துணைநின்றார். 1992ஆம் ஆண்டு வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கர் விருதும் பாரத ரத்னா விருதும் அவரைத் தேடிவந்தன. ஆஸ்கர் சிலையை மருத்துவமனைப் படுக்கையிலேயே பெற்றுக்கொண்ட ரே, அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மறைந்தார்.

வாசகரே முதல் படைப்பாளர்

ஏடு சிறந்ததா, திரை சிறந்ததா என்னும் வினாவுக்கு ரேயின் வாழ்வு ஒருவரி விடையைத் தரவில்லை. ஏட்டைப் படிப்பவர் ஒவ்வொருவரும் தம் மனத்திற்குள் ஒரு நிஷ்சிந்திபுரத்தைக் கட்டிக்கொள்கின்றனர். ஒரு துர்காவைக் காண்கின்றனர். திரைப்படம் ஒருவர் கண்ட துர்காவை எல்லாருக்கும் காட்டுகிறது. ஆகவே வாசகர் எதையோ இழப்பது உறுதி. அந்த இழப்புக்கு ஈடாக வேறொன்றைத் தர இயலுமா என்பதே இயக்குநர்முன் நிற்கும் அறைகூவல். ஒரு குளத்துப் பாசியைக் கொண்டு ரே அதைத் தந்தார்.

நூலின் எந்தப் பகுதியை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். பொற்சிமிழை மாற்றினார், வறுமையின் முடிவை மாற்ற மறுத்தார். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அவருக்குக் கற்பித்தது திரைப்படக் கருவி அன்று. ஓர் அட்டைப்படம் வரைவதற்காக நூலை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை பொறுமையாகப் படித்த அந்த இளம் ஓவியரின் வாசிப்பே அதைக் கற்பித்தது.